எழுத்தாளர் அம்மாவுக்கு ஒரு வெளியீட்டு விழா

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கனடாவில், ஸ்காபரோவில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்யும் வேலையில் இருந்தேன். குளிக்க வார்ப்பது, உடுப்புத் தோய்ப்பது, சூப் காய்ச்சுவது, மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது. ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் ரைப்பிஸ்ட்டாக இருந்தவள் இப்படி ஆகிவிட்டாளே என்று எனக்காகக் கவலைப்பட்ட உறவினர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. கச்சேரியில் என்னை ஐந்து பேர் ஏவினார்கள். இங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏவினார், அவரும் பாதி நேரம் நித்திரையில் இருந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் போன வீடு எங்கள் கட்டடத்திலேயே பதினோராம் மாடியில் இருந்தது. நாங்கள் நாலாம் மாடி. ஜனவரி மாதத்தில் மேலங்கி போடாமல், சப்பாத்தில் பனி ஒட்டாமல் வேலைக்குப் போய் வந்த தமிழச்சி எங்கள் வோபர்ன் பகுதியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைப் பெருமையாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அந்த வீட்டில் இருந்தவர் எழுபத்தாறு வயதான ஆங்கிலேயப் பெண். இரண்டு முழங்காலும் பழுது, சக்கர நாற்காலி. முதல் நாளே வரவேற்பறை அலுமாரியைக் காட்டி, தூசு தட்டச் சொன்னார். ஒரே பெயர் போட்ட பதினொரு புத்தகங்கள் வரிசையாக நின்றன. யாருடையவை என்று கேட்டேன். "என்னுடையவை" என்றார். வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துத் தட்டினேன். அவற்றை எழுதியவரும் அவர்தான் என்பது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதுவும் அவராகச் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த படத்தில் அதே மூக்கைக் கண்டேன்.

அன்றிலிருந்து நேரே மேடம் என்றும் வீட்டில் எழுத்தாளர் அம்மா என்றும் அவரைச் சொல்லத் தொடங்கினேன். என் கணவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. எழுத்தாளர் என்றால் அவருக்கு ஜிப்பாவும் ஜோல்னாப் பையும் இருக்கவேண்டும்.

தலைக்கு வார்க்கும்போதுதான் அவர் கதைப்பார். கண்ணை மூடியபடி, சவர்க்கார நுரைக்குள்ளிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுகப் பட்டினம். தகப்பன் ட்ராம் வண்டி ஓட்டியவர். யுத்த காலத்தில் இருபத்தொரு வயதில் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையும் ஊரையும் இணைத்தாராம். தூர ஊர் அழைப்பில் ஒருவர் கேட்டதற்கு மற்றவரின் பதில் வரச் சற்றுத் தாமதம் ஆகும். அந்த நேரத்துக்குள் கேட்டவரின் மூச்சு மாறுவது இவருக்குக் கேட்கும். பதில் வர ஒரு வருடம் ஆகுமென்றால் அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று ஒருநாள் யோசித்தாராம். அதுதான் அவருடைய முதல் விஞ்ஞானக் கதை.

"எனக்கு விஞ்ஞானம் தெரியாது. எனக்குத் தெரிந்தது தொலைபேசி நிலையம் மட்டும்தான்" என்று சொல்லுவார்.

கதையை, தன் பெயரை மறைத்து, இரண்டு முன்னெழுத்தோடு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். பெண் என்று தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம். ஏற்றுக்கொண்டார்கள். வாசகர்கள் "அன்புள்ள ஐயா" என்று கடிதம் எழுதினார்கள். அவரும் பதினைந்து வருடம் ஐயாவாகவே பதில் போட்டார். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கணவருக்கு முட்டை அவியும் நேரத்தில் குசினி மேசையில் நின்றபடியே ரைப்ரைட்டரில் அடிப்பாராம். உட்கார்ந்தால் நித்திரை வந்துவிடும். கணவர் கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். அவர் மனைவியின் ஒரு புத்தகத்தையும் படித்ததில்லை, ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாப் புத்தகங்களையும் விளக்கிச் சொல்லுவாராம். பிறகு காலம் மாறியது. புதிய எழுத்தாளர்கள் வந்தார்கள், இவருடைய எழுத்து பழசு என்றார்கள். பதினோராவது புத்தகத்தோடு பதிப்பகம் கைவிட்டது. கணவர் இறந்துபோனார். மகன் கனடாவுக்கு வந்து பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் மனேஜரானார், தாயையும் கூப்பிட்டுக்கொண்டார். மகன் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து, பல்ப் மாற்றி, தாயின் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போவார். நல்ல பிள்ளை. அவரும் படித்ததில்லை.

நான் வேலைக்குப் போய் இரண்டாவது கோடையில் ஒரு பெரிய பெட்டி வந்தது. இங்கிலாந்தில் யாரோ ஒரு சின்னப் பதிப்பகத்தார் இவரைத் தேடிப் பிடித்து, மேசை லாச்சியில் கிடந்த ஒரு நாவலைக் கேட்டு வாங்கி அச்சடித்திருந்தார்கள். பன்னிரண்டாவது புத்தகம். பூமியிலிருந்து அறுநூறு பேர் ஒரு கப்பலில் வேறொரு கிரகத்துக்குப் புறப்படுகிறார்கள். போய்ச் சேர அறுபது வருடம். பாதி வழியோடு முதல் பாகம் முடிகிறது. போய்ச் சேருவது இரண்டாம் பாகம். அதை அவர் இன்னும் எழுதவில்லை. எழுதித் தந்தால் போடுவோம் என்று பதிப்பகத்தார் கடிதம் வைத்திருந்தார்கள்.

பெட்டியை நான்தான் திறந்தேன். அவர் ஒரு பிரதியை எடுத்து, மணந்து பார்த்து, திரும்ப வைத்தார். "பெட்டியோடு அப்படியே படுக்கையறைச் சுவரலுமாரிக்குள் தள்ளிவிடு" என்றார். ரைப்ரைட்டரையும் உறையைப் போட்டு அதற்கு மேலே வைக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்கள் இருபது பக்கக் கவிதைப் புத்தகம் போட்டால் ஒரு மாதம் வீதியெல்லாம் நோட்டீஸ் ஒட்டுவார்கள், இந்தப் பெண் முந்நூறு பக்கத்தைச் சுவரலுமாரிக்குள் தள்ளச் சொல்லுகிறாரே என்று. இரண்டாம் பாகம் எழுதவில்லையா என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றார். "இதை ஒரே ஒருவர் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார் என்று தெரிந்தால் எழுதுவேன். தெரியாமல் எழுத எனக்கு இனி வயது இல்லை."

நான் படிக்கிறேன் என்று வீரமாகச் சொல்லி ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்லவேண்டும். நாற்பதாம் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை. கப்பலின் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று ஒரு அதிகாரம் முழுக்க இருந்தது. நான் அந்த அதிகாரத்தில் நாலு தரம் ஏறி நாலு தரமும் நித்திரையாகிப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் அவர் "எத்தனையாம் பக்கம்?" என்று கேட்பார். நான் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நின்றுவிட்டது போல என்று சொல்லிக் கீழே ஓடுவேன்.

அந்த வெட்கத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் படிக்காவிட்டால் என்ன, படிக்கிறவர்களைத் தேடிப் பிடிக்கலாம். எங்கள் முறைப்படி ஒரு வெளியீட்டு விழா வைக்கலாம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பார்ட்டி றூம் இருந்தது, குடியிருப்பவர்கள் கேட்டால் தருவார்கள். குத்துவிளக்கு என்னிடம் இருந்தது. தலைமையுரை, ஆய்வுரை, ஏற்புரை, பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும். ஆய்வுரை செய்பவர் புத்தகத்தைப் படித்திருக்கவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்டாயமும் இருந்ததில்லை. ஆகவே அதை நானே செய்யலாம்.

எழுத்தாளர் அம்மாவிடம் சொன்னேன். நாற்பது வருடத்தில் ஒரு பதிப்பகமும் அவருக்கு அப்படி ஒன்று வைத்ததில்லையாம். "ஒருவரும் வராவிட்டால்?" என்று கேட்டார்.

"வருவார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது" என்றேன். எனக்கும் அவ்வளவு தெரிந்திருக்கவில்லை என்று பிறகு விளங்கியது.

விளம்பரம் போடவேண்டுமே. அப்போது தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடந்த வாரப் பத்திரிகைகளில் ஒன்றை எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணை நடத்தினார். விளம்பரம் பிடிப்பது, அச்சுக் கோப்பது, கடைகடையாகப் போடுவது எல்லாம் அவர் ஒருவரே. போன் எடுத்துச் சொன்னேன்.

"எழுதித் தாங்கோ தங்கச்சி. படமும் ஒண்டு தாங்கோ. மிச்சத்தை நான் வடிவாச் செய்யிறன்" என்றார்.

நான் மேசையில் குந்தி எழுதத் தொடங்கினேன். ஒரு மனிதரை மரியாதையாக அறிமுகப்படுத்த எப்படித் தொடங்குவது? கச்சேரியில் நான் அடித்ததெல்லாம் காணி உறுதியும் சுற்றறிக்கையும். உதவிக்குப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். அழகான, கம்பீரமான தமிழில் மனிதர்களை அறிமுகம் செய்யும் பக்கம் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் அவர்கள். அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், பிறம்ரனில் வசிக்கும் இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார். அன்னாரின் வாழ்வும் பணியும் பற்றிய உரைகளும் நூல் வெளியீடும் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நடைபெறும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரையும் அழைக்கிறோம். தகவல் என்று போட்டு, கீழே என் பெயரும் போன் நம்பரும். எழுதி முடித்து உரக்க வாசித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரமே போன் அடிக்கத் தொடங்கியது. யாரென்று தெரியாத ஒரு அன்ரி, மிகவும் தாழ்ந்த குரலில் கதைத்தார்.

"பிள்ளை, பேப்பரிலை பாத்தனான். அவவுக்கு என்ன வருத்தமாம்?"

"முழங்கால்தான் அன்ரி. கனகாலமா."

"முழங்காலோ? அதாலையோ?" குரலை இன்னும் தாழ்த்தினார். "சரி பிள்ளை, என்ன செய்யிறது. நீங்கள்தான் பாத்தனீங்களோ?"

"ஓம் அன்ரி, குளிக்க வாக்கிறது எல்லாம் நான்தான்."

"கடைசி மட்டும் பாத்த உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாறம்."

புத்தக வெளியீட்டுக்கு மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்ரி வருகிறேன் என்றாரே, அது போதும் என்று அடுத்த அழைப்பை எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முப்பது பேராவது எடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் தொண்டை கம்மியிருந்தது. வசந்தகால ஒவ்வாமை பிந்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

சனி பின்னேரம் என் கணவர் மரக்கறி வாங்கப் போன கடையிலிருந்து பத்திரிகையோடு வந்தார். வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சேரும், உம்மடை எழுத்தாளர் அம்மா எப்ப செத்தவ?"

பறித்துப் பார்த்தேன். பத்தாம் பக்கத்து மரண அறிவித்தல்களில், தடித்த கறுப்புக் கரைக்குள், இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு எரிய, நான் கொடுத்த பழைய படத்தில் எழுத்தாளர் அம்மா இருபத்தெட்டு வயதில் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அளவெட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒருவரும், மேலே புங்குடுதீவைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒருவரும். பத்திரிகை அண்ணையைக் குறை சொல்ல முடியாது. பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் என்று தொடங்கும் எதையும் அவர் பத்து வருடமாக அந்தப் பக்கத்தில்தான் போட்டுவந்தார். கை தானாகப் போயிருக்கும். நூல் வெளியீடு என்ற சொல்லும் உதவவில்லை. எங்கள் ஊரில் முப்பத்தோராம் நாள் இறந்தவரைப் பற்றி ஒரு நினைவு மலர் வெளியிடுவது வழக்கம். வாசித்த எல்லோரும் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நான் கட்டிலில் போய் இருந்து அழுதேன். கணவர் முதலில் ஆறுதல் சொன்னார், பிறகு திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வரப்போகிறவர்களுக்கு எப்படி அறிவிப்பது? போன் எடுத்தவர்கள் ஒருவரும் நம்பர் தரவில்லை. விழாவை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் எழுத்தாளர் அம்மாவுக்கு என்ன சொல்வது? ஒருவரும் வராவிட்டால் என்று அவர் பயந்தது சரியாகிவிடும். சுவரலுமாரிக் கதவு திரும்பத் திறக்காது.

"சனம் வருகுது எல்லே. வரட்டும். வந்தாப்பிறகு பாப்பம்" என்றார் கணவர். வேறு வழியும் இருக்கவில்லை.

ஞாயிறு இரண்டு மணிக்குப் பார்ட்டி றூமில் நானும் கணவரும் குத்துவிளக்கும் மட்டுமே. இரண்டரைக்கு வரத் தொடங்கினார்கள். மூன்று மணிக்கு நாற்காலி போதவில்லை, பின்னால் நின்றார்கள். எங்கள் கட்டடத்தில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். பெண்கள் வெள்ளையும் மங்கல் நிறமுமாகச் சேலை கட்டியிருந்தார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். இறந்தவர் யாருடைய உறவு என்று மெல்லிய குரலில் விசாரணை நடந்தது. யாரோ ஒருவருடைய வெள்ளைக்கார மருமகளின் தாய் என்று முன்வரிசையில் தீர்மானமாகியிருந்தது. தெரியாதவரின் செத்தவீட்டுக்கு ஏன் வந்தீர்கள் என்று பிறகு ஒரு அன்ரியைக் கேட்டேன். "இந்த பில்டிங்கிலை இருந்த சீவன். நாங்கள் போகாட்டி எங்கடை வீட்டுக்கு ஆர் வருவினம்?" என்றார்.

கார் தரிப்பிடம் ஒன்றில் காசாளராக வேலை செய்யும் ஒரு அண்ணையும் வந்திருந்தார். ஆறாம் மாடியில் தனியாக இருந்தவர், ஸ்காபரோவில் எந்தச் செத்தவீட்டையும் விடாதவர். அவர் ஒரு மலர்வளையம் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் எழுத்தாளர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எலிவேற்றரால் இறங்கி வந்தார். நீல உடுப்பு, கழுத்தில் முத்துமாலை, உதட்டில் சாயம். படத்தில் இருந்த அதே மூக்கு.

பிறகு ஒரு குழந்தை தாயிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது, தாய் அதன் வாயைப் பொத்தினார். முன்வரிசை அன்ரி எழும்பி நின்று, "உவ உயிரோடை இருக்கிறாவே" என்றார். சொன்ன குரலில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எழும்பினேன், ஆனால் வாயைத் திறந்ததும் கோபம்தான் வந்தது. ஓம், இருக்கிறா, என்றேன். பிழை என்னுடையது, பேப்பரில் எழுதத் தெரியாமல் எழுதினது நான். ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரு செத்த மனுஷிக்கு இவ்வளவு தூரம் வெளிக்கிட்டு வந்தீர்களே, உயிரோடு இருக்கும் மனுஷிக்கு என்று சரியாகப் போட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பீர்கள்? பின்னால் நின்ற இரண்டு பேர் கதவைப் பார்த்தார்கள். போகிறவர்கள் ரோல்ஸ் சாப்பிடாமல் போகக்கூடாது என்றும் சொன்னேன். அதனால்தானோ என்னவோ ஒருவரும் போகவில்லை.

பிறகு குனிந்து எழுத்தாளர் அம்மாவின் காதில் நடந்ததெல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தலைக்கு வார்க்கும்போது கேட்பது போல. முடிந்ததும் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிப்பு. கண்ணீர் வந்து கன்னத்துப் பவுடர் கோடாகும் வரை சிரித்தார்.

"என் கதைகளில் மூன்று பேர் எதிர்காலத்துக்குப் போய்த் தங்கள் செத்தவீட்டைப் பார்த்திருக்கிறார்கள்" என்று ஒலிவாங்கியில் சொன்னார். "அவர்களில் ஒருவருக்கும் நான் தேநீர் கொடுக்கவில்லை. இவ்வளவு பேரை வரவழைக்கவும் எனக்குத் தோன்றவில்லை."

நான் மொழிபெயர்த்தேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அறை முழுக்கச் சிரித்தது. விளக்கேற்றினோம். நான் ஆய்வுரை செய்தேன். புத்தகத்தைப் பற்றி நாற்பது பக்கத்துக்குப் பேசிவிட்டு, மிச்ச நேரம் அவருடைய வாழ்க்கையைச் சொன்னேன். ட்ராம் ஓட்டிய தகப்பன், முட்டை அவியும் நேரம், அன்புள்ள ஐயா. பெண்கள் கூர்ந்து கேட்டார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் குசினியில் நின்றபடி ஒரு காரியம் செய்வது என்றால் என்ன என்று அந்த அறையில் யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை. மலர்வளையம் கொண்டுவந்த அண்ணை, கறுப்பு நாடாவை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பூவை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தார். பழக்கதோஷத்தில் எல்லோரும் வரிசையில் வந்து அவருடைய கையைப் பிடித்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பெட்டியில் இருந்த புத்தகம் எல்லாம் தீர்ந்துபோனது.

அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. செவ்வாய்க்கிழமை போகும்போது ரைப்ரைட்டர் மேசையில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பூ மட்டும் தண்ணீரில் இருந்தது. சுவரலுமாரிக் கதவு பூட்டியபடியே. எப்போது எழுதத் தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்ல மனிதர்கள்" என்றார். "அவர்கள் ஒரு மனுஷியைப் பார்க்க வந்தார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம், நீ நம்பவேண்டும். ஆனால் வாசகர் என்பது வேறு." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "எத்தனையாம் பக்கம்?" என்றார். நான் கீழே ஓடினேன்.

இலையுதிர்காலம் போய், பனிக்காலமும் போனது. எலிவேற்றரில் ஏறும் அன்ரிமார் அவரைக் கண்டால் வணக்கம் சொல்லி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். தைப்பொங்கலுக்கு மூன்று வீட்டிலிருந்து பொங்கல் போனது. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் "அலுமாரியிலை வடிவா இருக்கு பிள்ளை" என்றார்கள். எழுத்தாளர் அம்மா முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகச் சிரித்தார். ஆனால் எழுதவில்லை. எனக்கு அது காலில் குத்திய முள்ளாகவே இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் சூப்புக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் மலர்வளைய அண்ணை, வேலைச் சீருடையோடு. கையில் அந்தப் புத்தகம், கலண்டர் தாளால் உறை போட்டிருந்தது.

"தங்கச்சி, அம்மாட்டை ஒண்டு கேக்கவேணும். பிழையெண்டா மன்னிக்கச் சொல்லுங்கோ" என்று சப்பாத்தைக் கழற்றினார்.

உள்ளே கூட்டிக்கொண்டு வந்து எழுத்தாளர் அம்மாவுக்கு முன்னால் கதிரையில் இருத்தினேன். புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தங்கள். கார் தரிப்பிடத்துக் கூண்டுக்குள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, காருக்கும் காருக்கும் இடையில் படித்திருக்கிறார். எழுத்தாளர் அம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்திலும் பென்சில் எழுத்து இருந்தது. அந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது.

"முழுவதுமா?" என்று கேட்டார்.

"ரண்டு தரம்" என்றார் அண்ணை. "முதல் தரம் அந்த மிஷின் ஓடுற பகுதி விளங்கேல்லை."

எனக்குக் காது சூடானது. எழுத்தாளர் அம்மா என்னைப் பார்க்கவில்லை. கேள்வி என்ன என்று கேட்டார்.

அண்ணை கையைத் தேய்த்துக்கொண்டார். "அறுநூறு சனம் போகுது. முப்பது வருஷம் போகுது. சமைக்கினம், கலியாணம் கட்டுகினம், சண்டை பிடிக்கினம், எல்லாம் சரி. ஆனா அதிலை ஒருத்தராவது வீட்டுக்கு ஒரு கடிதம் போடேல்லை. ஏன்?"

நான் மொழிபெயர்த்தேன். எழுத்தாளர் அம்மா ஆசிரியர் கணக்கு விளக்குவது போலச் சொன்னார். கப்பல் போகும் வேகத்தில், தூரம் கூடக் கூட, ஒரு செய்தி பூமிக்குப் போய்ச் சேர வருடக்கணக்காகும். அது போய்ச் சேரும்போது வாசிக்க வேண்டியவர் உயிரோடு இருக்கமாட்டார். ஆகவே அவர்கள் எழுதவில்லை.

"அது எனக்கும் விளங்குது" என்றார் அண்ணை. "ஆனா எழுதுவினம்." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ தங்கச்சி. என்ரை அம்மா வன்னியிலை எங்கையோ இருக்கிறா. இடம்பெயர்ந்தாப்பிறகு அட்ரஸ் இல்லை. இருக்கிறாவோ எண்டும் தெரியாது. நான் மாசம் ஒரு கடிதம் பழைய அட்ரஸுக்குப் போடுறன். சிலது திரும்பி வருது. சிலது வரேல்லை. வராததை அவ வாசிச்சிருப்பா எண்டு வைச்சுக்கொள்ளுறன். அறுநூறு பேரிலை ஒருத்தர் கூடவோ அப்பிடி இல்லை?"

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க இரண்டு தரம் நிறுத்தவேண்டி வந்தது. அடுப்பில் சூப் கொதித்து வழிந்தது, நான் எழும்பவில்லை. எழுத்தாளர் அம்மா வெளியே பார்த்தார், பிறகு மடியில் திறந்தபடி கிடந்த அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "நாற்பது வருடமாக எழுதுகிறேன்" என்று தனக்குள் சொன்னார். "இது எனக்குத் தோன்றவே இல்லை." அவருடைய முகத்தில் கவலை இருக்கவில்லை. பசித்தவர் முகம் போல ஒரு விறுவிறுப்பு இருந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்து, சுவரலுமாரிக்குள் இருப்பதை எடுத்து வரச் சொன்னார். ரைப்ரைட்டரைத் தூக்கிவந்து மேசையில் வைத்து உறையைக் கழற்றினேன். அவர் நாற்காலியை மேசைக்குக் கிட்ட உருட்டி, தாளைச் செருகினார்.

"அந்தக் கப்பலில் இவர் இருந்தால் முதல் வரி என்ன எழுதுவார் என்று கேள்."

கேட்டேன். அண்ணை யோசிக்கவே இல்லை. "நாங்கள் எல்லாரும் சுகம். அப்பிடித்தான் தொடங்கவேணும்."

"சுகமாக இல்லாவிட்டால்?"

"இல்லாட்டியும் அப்பிடித்தான். அவை அங்கை யோசிப்பினமெல்லே."

நான் சொன்னதைக் கேட்டு எழுத்தாளர் அம்மா தலையை ஆட்டினார். வீங்கிய இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, நாங்கள் எல்லோரும் சுகம் என்று ஆங்கிலத்தில் அடித்தார். அடித்துவிட்டு, கைகளை எடுக்காமல், அடுத்த வரிக்காக அண்ணையின் முகத்தைப் பார்த்தார்.